தாலியை யார் கழற்றலாம்?

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் நசரத்பேட்டை வரும். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலை நெடுஞ்சாலையைக் கடப்பது இங்கேதான். விடியுமுன்பே சாலையோரத்தில் பெண்கள் கூட்டமாக நிற்பார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருப்பவர்கள். எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டையின் நாடா இருக்கும். கல்யாணமானவர்களுக்கு அதற்குள்ளே, ஜாக்கெட்டுக்குள் செருகியபடி, இன்னொரு சரடும் இருக்கும். நாடாவை ஷிப்ட் முடிந்ததும் கழற்றிப் பைக்குள் போட்டுவிடலாம். இன்னொன்றை அப்படிச் செய்ய முடியாது.

தாலியின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் கட்டுவதைப் பற்றியே எழுதினார்கள். எப்போது கட்டத் தொடங்கினார்கள், யார் கட்டினார்கள், அது தமிழர் வழக்கமா வந்த வழக்கமா என்பவை அவர்கள் கேள்விகள். கவிஞர் கண்ணதாசன் 1954இல் தொடங்கிவைத்த விவாதத்தில் ம.பொ.சி. போன்றவர்கள் இறங்கி வாதாடியதும் இதற்காகத்தான். கழற்றுவதைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கேட்கவில்லை. ஒரு பொருளை எப்போது எடுக்கலாம், யார் எடுக்கலாம், எடுத்தால் என்ன நடக்கும் என்று பார்த்தால் அது யாருடைய பொருள் என்பது விளங்கிவிடும். நம் கழுத்தில் கிடப்பதாலேயே அது நம்முடையதாகிவிடுமா?

சங்கப் பாடல்களில் தாலி உண்டு. ஆனால் அதை அணிந்திருப்பவர்கள் குழந்தைகள். புலிப்பல்லைக் கோத்துக் கட்டிய தாலி அகநானூற்றிலும் புறநானூற்றிலும் குறுந்தொகையிலும் வருகிறது. காத்துக் கருப்பு அண்டாமல் இருக்கக் கட்டுவது. இன்றைக்கு நாம் பிள்ளைக்கு இடுப்பில் கட்டும் அரைஞாண் கயிற்றுக்கு உறவு என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு திருமாலின் சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு ஆகிய ஐந்து படைக்கலங்களையும் சிறிதாகச் செய்து கோத்த ஐம்படைத்தாலி வந்தது. ஆண் குழந்தைக்கும் இதையே கட்டினார்கள். தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பற்றி இடைக்குன்றூர் கிழார் பாடியது புறநானூற்றின் 77ஆம் பாடல். எவ்வளவு சின்னப் பையன் போருக்கு வந்திருக்கிறான் என்று வியக்கும்போது, அவன் கழுத்துத் தாலியை இன்னும் களையவில்லை என்கிறார் புலவர். இந்தத் தாலிக்கு ஒரு காலக்கெடு இருந்திருக்கிறது. வளர்ந்ததும் எடுத்துவிடுவார்கள். எடுப்பது அமங்கலம் இல்லை. பையன் ஆளாகிவிட்டான் என்பதற்கான அடையாளம். தாலியைப் பற்றி எனக்குத் தெரிந்த பழைய சேதிகளில் மிகவும் பிடித்தது இதுதான். காப்பதற்காகக் கட்டியதைக் காப்பு தேவைப்படாத வயது வந்ததும் கழற்றிவிட்டார்கள்.

அதே காலத்துக் கல்யாணங்களில் தாலியைத் தேடினால் கிடைப்பதில்லை. அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்கள் இரண்டு திருமணங்களை விவரிக்கின்றன. பந்தல், புதுமணல், விளக்கு, உளுந்துச் சோறு, பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் சேர்ந்து மணமகளை நீராட்டி வாழ்த்துவது எல்லாம் இருக்கின்றன. பின்னதில் மொட்டுகளோடு சேர்த்து வெண்ணூல் சூட்டுவது வருகிறது. அதைத் தாலியாகப் படிக்க விரும்புகிறவர்கள் உண்டு. மணமகன் கழுத்தில் கட்டினான் என்று பாட்டில் இல்லை. சிலப்பதிகாரத்தில் தீவலம் இருக்கிறது, பார்ப்பான் இருக்கிறான், கட்டும் காட்சி இல்லை. கண்ணகியின் ‘மங்கல அணி’யைத் தாலி என்று உரைகள் சொல்கின்றன; அவள் கழுத்தில் அதைக் கோவலன் கட்டினான் என்பதற்குக் காப்பியத்தில் ஆதாரமில்லை. இன்னும் வேடிக்கை ஆண்டாள். வாரணமாயிரத்தை வைணவக் கல்யாணங்களில் இன்றும் பாடுகிறார்கள். அந்தக் கனவில் கூறைப்புடவை, காப்புநாண், கைத்தலம் பற்றுவது, தீவலம், அம்மி மிதிப்பது, பொரி இடுவது என்று எல்லாமே உண்டு, தாலி ஒன்றைத் தவிர. இந்தச் சான்றுகளை வைத்துத் தொ. பரமசிவன், பத்தாம் நூற்றாண்டு வரை தமிழ்நாட்டில் தாலிப் பேச்சே இல்லை என்று எழுதினார். நூற்றாண்டைச் சற்று முன்னே பின்னே நகர்த்தி வாதாடலாம். குழந்தையின் காப்புக்கயிறு எப்படியோ பெண்ணின் கழுத்துக்கு வந்து சேர்ந்தது என்பதையும், வந்தபோது அந்தக் காலக்கெடு காணாமல் போயிற்று என்பதையும் மறுப்பது கடினம்.

வந்த பிறகு அது ஒரே பொருளாகவும் இருக்கவில்லை. பொட்டுத்தாலி, நாமத்தாலி, இலிங்கத்தாலி, நாட்டுக்கோட்டை நகரத்தாரின் பல உருப்படிகள் கோத்த கனமான கழுத்துரு என்று சாதிக்கொரு வடிவம். தாலியைக் கண்ணால் பார்த்தாலே இன்ன சாதி என்று நம் பாட்டிமார் சொல்லிவிடுவார்கள். ‘கல்யாணமானவள்’ என்பதோடு ‘எங்கள் சாதிக்குள் கல்யாணமானவள்’ என்றும் அது அறிவித்துக்கொண்டிருந்தது. தமிழ் முஸ்லிம் பெண்களிடம் கருகமணி அந்த வேலையைச் செய்தது. கிறிஸ்தவர்களின் கதை கொஞ்சம் நீளமானது. போப்பாண்டவரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் 1704இல் ஓர் ஆணை பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் அணியக்கூடாது, 108 இழை கொண்ட மஞ்சள் பூசிய கயிறும் கூடாது என்றார். சேசு சபையினருக்கும் ரோமுக்கும் இதுபோன்ற சடங்குகளை ஒட்டி நடந்த சண்டை 1744 வரை இழுத்தது. கடைசியில் பிள்ளையார் போய்ச் சிலுவை வந்தது, சில ஊர்களில் புறா வந்தது. இழைகளை எண்ணிய அந்தப் பாதிரிமார்களில் ஒருவராவது, ஏன் பெண்ணுக்கு மட்டும் கட்டுகிறீர்கள் என்று கேட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை.

கழற்றலுக்கு வருவோம். கட்டிய தாலியைக் கழற்றுவதற்கு மரபு அனுமதித்த வழிகள் மிகக் குறைவு. ஒன்று, கயிறு மாற்றுவது. கல்யாணமான சில மாதங்களில் தாலி பிரித்துக் கோக்கும்போதும், ஆடிப் பதினெட்டிலும் பழைய கயிறு போய்ப் புதுக்கயிறு வரும். அப்போதும் வீட்டுப் பெரியவள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வாள்: புதுசு ஏறிய பிறகுதான் பழசு இறங்க வேண்டும். ஒரு நிமிடம்கூடக் கழுத்து வெறுமையாக இருக்கக்கூடாது. இன்னொன்று, கணவன் சாவு. பத்தாம் நாளோ பதினாறாம் நாளோ, அவளுக்கு முன்பே தாலியறுத்த பெண்கள் சுற்றி உட்கார்ந்து, பூ வைத்து, பொட்டு வைத்து, வளையல் அடுக்கி, எல்லாவற்றையும் ஒன்றொன்றாக எடுப்பார்கள். தாலியைப் பால் கிண்ணத்தில் போடுவார்கள். வேண்டாம் என்று அவள் சொன்னாலும் எடுப்பார்கள். கட்டியபோதும் அவளைக் கேட்கவில்லை. ‘அறுதலி’ என்பது நம் தெருக்களில் இன்றைக்கும் வசைச்சொல். பொண்டாட்டி செத்தவனை அப்படி வைய ஒரு சொல் தமிழில் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த அறுப்பிலிருந்து தப்பியவர்களும் இருந்தார்கள், அதற்கு வேறு விலை கொடுத்து. கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடப்பட்ட சிறுமிகளின் கழுத்தில் ஏறியதும் தாலிதான். கணவன் கடவுள். அவனுக்குச் சாவில்லை. ஆகவே இவள் நித்திய சுமங்கலி. மற்ற வீட்டுக் கல்யாணங்களுக்குத் தாலியைக் கோத்துத் தர இவர்களை அழைப்பது வழக்கமாக இருந்தது என்று தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் பதிந்திருக்கிறார். இவள் கோத்தால் அந்தத் தாலி அறுபடாது என்று நம்பிக்கை. குடும்பப் பெண்ணின் தாலிக்கு ராசி வேண்டித் தன் தாலியைக் கழற்றவே முடியாத பெண்ணிடம் போனார்கள். அவளைத் தங்கள் வீட்டு மருமகளாக ஏற்பார்களா என்பது வேறு பேச்சு.

முத்துலட்சுமி ரெட்டி 1930இல் சென்னை சட்டசபையில் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். அது சட்டமாக 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெளியே ஊர் ஊராகப் போய் அந்தப் பெண்களிடமே பேசியவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். அந்த முறைக்குள்ளேயே வளர்க்கப்பட்டு அதிலிருந்து வெளியே வந்தவர். தாசிகளின் வாழ்க்கையை வைத்து 1936இல் நாவலும் எழுதினார். அவர் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வருகிறது.

சுயமரியாதை இயக்கம் கேட்ட கேள்வி நேரடியானது. மணமானதற்கு அடையாளம் வேண்டுமென்றால் இருவர் கழுத்திலும் அல்லவா இருக்க வேண்டும், ஆணுக்கு எங்கே என்று பெரியார் மேடைதோறும் கேட்டார். 1928இல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் நடந்ததை முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். புரோகிதர் இல்லை, மந்திரமில்லை. ஆனால் நீதிமன்றம் இதைக் கல்யாணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 1953இல் இப்படியொரு திருமணம் செல்லாது என்றது. இயக்கத்தை நம்பி மேடையேறிய பெண்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். கொள்கைப்படி மனைவி, சட்டப்படி யாருமில்லை. ஆண்களுக்கு இதில் போனது குறைவு. சொத்திலும் பிள்ளைகளின் பிறப்பிலும் அடி விழுந்தது பெண்களுக்கு. அண்ணா முதலமைச்சரான 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று 7-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் 1968 ஜனவரியில் கிடைத்தது. பழைய சுயமரியாதைத் திருமணங்களும் செல்லுபடியாயின. உறவினர், நண்பர்கள் முன்னால் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். மாலை மாற்றினால் போதும். மோதிரம் போட்டால் போதும். தாலி கட்டினாலும் போதும். தாலியை ஒழிக்கப் புறப்பட்டவர்களின் சட்டத்திலும் தாலிக்கு ஓர் இடம் விட்டிருந்தார்கள்.

அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அந்த இடம் பின்னால் ஒரு பெண்ணுக்கு உதவியது. முதல் மனைவி இருக்க, 1984இல் திருத்தணியில் ஒருவர் இன்னொரு பெண்ணுக்குத் தாலி கட்டினார். முதல் மனைவி வழக்குப் போட்டார். சப்தபதி, அதாவது தீயைச் சுற்றி ஏழடி வைப்பது, நடந்ததாக நிரூபிக்கவில்லை. ஆகவே இரண்டாவது கல்யாணமே நடக்கவில்லை. நடக்காத கல்யாணத்துக்கு இருதார மணக் குற்றம் எப்படி வரும் என்பது எதிர்த்தரப்பு. கேட்கும்போதே எரிச்சல் வருகிற வாதம், ஆனால் இந்திய நீதிமன்றங்களில் எத்தனையோ கணவர்களைக் காப்பாற்றிய வாதம். உச்சநீதிமன்றம் 2001இல் தமிழ்நாட்டில் 7-ஏ இருப்பதால் தாலி கட்டியதே போதும், இரண்டாவது கல்யாணமும் கல்யாணம்தான், ஆகவே அது குற்றம் என்றது. பதினேழு ஆண்டுகள். கட்டியவனுக்கு எதிராகத் தாலி சாட்சி சொன்ன அபூர்வமான வழக்கு.

நம் வீடுகளில் தாலிக்கு இதைவிடப் பழக்கமான இன்னொரு வாழ்க்கை உண்டு. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், மாமனாரின் ஆபரேஷனுக்கு, ஆட்டோவின் டியூ கட்ட, அது சேட்டுக் கடைக்குப் போகும். இதற்கும் பெண்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பொட்டை மட்டும் பிரித்து மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு கொடியை அனுப்பிவிடுவார்கள். கொடி தங்கம், பொட்டு தாலி. புனிதத்தையும் பவுனையும் இவ்வளவு துல்லியமாகப் பிரித்து வைத்தவர்களிடம் போய்த் தாலியின் அருமை தெரியாதவர்கள் என்று யாரும் பேச வேண்டாம். மஞ்சள் கயிற்றோடு ஒருத்தி தெருவில் நடந்தால் பார்க்கிற பெண்களுக்கு உடனே புரியும், கொடி கடையில் இருக்கிறதென்று. கேட்கமாட்டார்கள். அந்தக் கயிற்றில் இரண்டு ஊக்கும் தொங்கும். எந்தச் சாஸ்திரமும் விதிக்காத உபயோகம்.

அரசாங்கமும் இந்தக் கணக்குக்குள் வந்தது. ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்குப் பண உதவி செய்யும் திட்டத்தைத் தி.மு.க. அரசு 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தொடங்கியது. படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது நல்ல யோசனை. எத்தனையோ பெண்கள் பள்ளியில் நின்றதற்கு அதுவும் காரணம். 2011இல் ஜெயலலிதா அரசு அதோடு தாலி செய்ய 4 கிராம் தங்கக் காசைச் சேர்த்தது. 2016இல் அது 8 கிராம், ஒரு பவுன் ஆயிற்று. மக்கள் அதைத் தாலிக்குத் தங்கம் என்றே அழைத்தார்கள். சிறுமிகளின் கழுத்தில் தாலி ஏறாமல் இருக்கப் பாடுபட்ட பெண்ணின் பெயரால் அரசு தாலித் தங்கம் கொடுத்துக்கொண்டிருந்தது. இதில் யாருக்கும் உறுத்தல் இருந்ததாகத் தெரியவில்லை. 2022இல் திட்டம் மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய், அதுதான் புதுமைப்பெண் திட்டம். தங்கத்தை நிறுத்திவிட்டார்களே என்று எங்கள் தெருவில் வருத்தப்பட்டவர்கள் தாய்மார்கள். அவர்கள் வருத்தத்தைப் பிற்போக்கு என்று தள்ள என்னால் முடியவில்லை. ஒரு பவுன் அவர்களுக்கு அடகு வைக்கக்கூடிய ஒரு பவுன்.

பெண் தானாகக் கழற்றினால் என்ன ஆகும்? 2015இல் அதைப் பார்த்தோம். தாலி பெண்ணுக்குப் பெருமையா சிறுமையா என்று பேசும் நிகழ்ச்சியைப் புதிய தலைமுறை தொலைக்காட்சி ஒளிபரப்பப்போவதாக அறிவித்ததும், மார்ச் 8 அன்று, அதாவது மகளிர் தினத்தன்று, அதன் ஒளிப்பதிவாளர் தாக்கப்பட்டார். சில நாளில் அலுவலகத்தில் டிபன் பாக்ஸ் வெடிகுண்டுகள் வீசப்பட்டன. நிகழ்ச்சி ஒளிபரப்பாகவே இல்லை. அடுத்த மாதம், அம்பேத்கர் பிறந்தநாளான ஏப்ரல் 14 அன்று, பெரியார் திடலில் தாலி அகற்றும் நிகழ்ச்சியைத் திராவிடர் கழகம் நடத்தியது. உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதி அனுமதிக்க, மறுநாள் காலை இரு நீதிபதிகள் அமர்வு தடை விதிக்க, அதற்குள் நிகழ்ச்சியை முன்கூட்டியே தொடங்கிப் பெண்கள் தாலியைக் கழற்றிவிட்டார்கள். அவர்கள் கணவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் தன் கழுத்திலிருந்து தன் கையால் ஒரு சங்கிலியைக் கழற்றுவது சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகி இரண்டு முறை நீதிமன்றத்துக்குப் போனது.

2022இல் ஒரு மணவிலக்கு வழக்கில், கணவன் உயிரோடிருக்கையில் மனைவி தாலியைக் கழற்றுவது மிக உயர்ந்த அளவிலான மனக்கொடுமை என்ற பழைய தீர்ப்பின் கருத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. கழற்றியதாலேயே மணம் முறிந்துவிடாது, மற்றச் சாட்சியங்களோடு அதுவும் ஒன்று என்றும் சொன்னது. அந்த மனைவியின் பதில்தான் என் நினைவில் நிற்கிறது. கொடியைத்தான் கழற்றினேன், தாலியைக் கழற்றவில்லை என்றார் அவர். சேட்டுக் கடை வாசலில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த அதே கணக்கு. நீதிமன்றத்தில் அது எடுபடவில்லை.

இப்போது எங்கள் நெடுஞ்சாலைக்கே திரும்புகிறேன். 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு நீண்ட செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் ஆலையின் வேலைகளுக்குக் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்றது அது. சொல்லப்பட்ட காரணங்களில் பிள்ளைப்பேறும் குடும்பப் பொறுப்பும் இருந்தன. தாலியும் மெட்டியும் உலோகம், அவை உற்பத்திக்கு இடைஞ்சல் என்பதும் இருந்தது. ஒன்றிய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. நிறுவனம் மறுத்தது. புதிதாக எடுத்தவர்களில் நான்கில் ஒரு பங்கு மணமான பெண்கள் என்றும், உலோகம் அணியக்கூடாதென்பது ஆண், பெண், மதம் பார்க்காத பாதுகாப்பு விதி என்றும் சொன்னது.

மெல்லிய மின்னணுப் பாகங்களைத் தொடும் இடத்தில் உலோகம் கூடாது என்பதில் தவறில்லை. பிரசவ அறையிலும் அறுவைக்கூடத்திலும் ஸ்கேன் எடுக்கும் இடத்திலும் நர்ஸ் கழற்றச் சொன்னால் கழற்றி அம்மாவிடமோ நாத்தனாரிடமோ கொடுத்துவிட்டுத்தானே போகிறோம். கழற்று என்று சொல்லிவிட்டால் கழற்றிவிடலாம். கழற்றி வைக்க ஒரு பெட்டியும் பூட்டும் கொடுத்தால் போதும்.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி போன வருஷம் ஒரு கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போய்த் திரும்பி வந்தாள். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். எதிர்வீட்டு ஆயா திண்ணையிலிருந்தபடியே அவளுக்கு யோசனை சொன்னார். கல்யாணத்துக்குத் தங்கம் வாங்க வழியில்லாதவர்கள் மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் முடிந்து தாலியாகக் கட்டுவார்கள். ஆயாவுக்கும் அந்தக் காலத்தில் அதுதான்.

“கொடிய வூட்ல வச்சிட்டு மஞ்சக் கிழங்கு கட்டிக்கினு போயேன். அது இரும்பா, தங்கமா? மெஷினுக்கு இன்னா ஆவப்போவுது?”

“மெஷினுக்கு ஒண்ணும் ஆவாது ஆயா” என்றாள் அவள். “கயித்தப் பாத்ததும் எத்தினி வருஷம் ஆச்சு, கொழந்த இருக்கான்னு கேக்கறாங்க. அடுத்த தபா கழட்டி வச்சிட்டுப் போலாம்னு இருக்கேன்.”

ஆயா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “ஒங்க மாமியாக்காரிக்குத் தெரியாம கழட்டு” என்றார்.